பழைய எண், புது எண்

இரவு பதினொன்றே காலுக்கு அறிவித்தார்கள்,
ஃபெர்னும் கீலும் இனி ஒன்று.
தக்கலையில் மழை. இன்வெர்ட்டர் முனகிக்கொண்டிருந்தது.
அறிவிப்பில் 'மகிழ்ச்சி' என்ற சொல் நான்கு முறை.
'உடையலாம்' என்ற சொல் ஒரு முறை,
அதுவும் அடிக்குறிப்பில்.

பெனிக்ஸன் கூப்பிட்டான்.
"எக்கா, பாத்தியளா?"
பார்த்தேன்.
"நம்ம பதினாலு சைட்டும் ஃபெர்ன்லயாக்கும்."
தெரியும்.
"யாருக்க பேரு நிக்கும்?"

அதற்கு மட்டும் தெளிவான பதில் இருந்தது.
பெயர் கீல். லோகோ கீல்.
ஃபெர்ன் உள்ளே இருக்குமாம், 'ஆன்மாவாக'.
ரூட்டர் யாருடையது? சொல்லவில்லை.
பிளக்இன் எழுதியவர்கள் எங்கே போவது?
அதற்கொரு கூட்டம் நடக்கும், நம்மூர் நேரம் விடிகாலை மூன்றரைக்கு.
பழைய வெர்ஷனைப் பதினெட்டு மாதம் பார்த்துக்கொள்வார்கள்.

பதினெட்டு மாதம்.
ரப்பர் கன்று வைத்தால் பால் வெட்ட ஏழு வருஷம்.
குலசேகரத்து ஷீட் வியாபாரிக்கு
நான் விலைப்பலகை செய்து கொடுத்து
இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.
கடைசித் தவணை இன்னும் வரவில்லை.

ஃபெர்னில் என்னுடையது பதினேழு வரி.
தமிழில் மாதப் பெயர் ஒன்று பிந்தி வரும்;
அதைத் திருத்தினேன்.
எந்த நாட்டிலோ இருக்கும் ஒருவர்
'நன்றி, லிபினா' என்று ஏற்றுக்கொண்டார்.
அன்று ஆபீஸ் முழுக்கப் பழம்பொரி வாங்கிக் கொடுத்தேன்.
ஆபீஸ் முழுக்க என்றால் மூன்று பேர்.

அந்த வரிகளை இணைந்த நிரலில் தேடினேன்.
கோப்பே இல்லை.
நீக்கியவர் பெயரைப் பார்த்தால்
அதே ஆள்.

காலையில் பெனிக்ஸன்
முக்கடல் உதாரணம் சொல்ல வாயைத் திறந்தான்.
"மிண்டாதே" என்றேன்.

எதில் கை வைப்பது என்று பார்க்க
இரணியல் பத்திர எழுத்தரின் படிவத்தைத் திறந்தேன்.
சர்வே எண்.
அதற்கு மேலே, பழைய சர்வே எண்.
இரண்டும் கட்டாயம். ஒன்றை விட்டால் அடுத்த பக்கம் நகராது.
நிரலின் ஓரத்தில் நானே எழுதிய குறிப்பு:
'இந்தப் பெட்டியை எடுக்காதே. எடுத்தேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.'

ஐம்பத்தாறில் இந்த நாலு தாலுகாவும் சேர்ந்தபோது
யாரோ ஒரு குமாஸ்தா
மலையாளப் பதிவேடு ஒரு பக்கம்,
தமிழில் அச்சடித்த காலிப் படிவம் ஒரு பக்கம் என்று
உட்கார்ந்திருப்பார்.
எத்தனை மாதம் கொடுத்தார்களோ அவருக்கு.
ஒவ்வொரு நவம்பர் ஒன்றும் இங்கே விடுமுறை.
அந்தப் பத்திக்கு மட்டும் லீவு கிடையாது.

பதினோரு மணிக்குக் குலசேகரம் போனில்.
எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.
"இதுக்கு நான் வல்லதும் பைசா தரணுமா?"
இப்போதைக்கு வேண்டாம்.
"அப்ப அந்தப் பச்சை நெறத்தை மட்டும் மாத்தும்."

மாற்றிக் கொடுத்துவிட்டு
கீலின் சோதனைப் பதிப்பை இறக்கி ஓட்டிப் பார்த்தேன்.
முகப்பு அழகாகத்தான் இருந்தது. வேகமும்தான், மறைக்கவில்லை.
மேல் மூலையில் தேதி.
வெளியே ஐப்பசி அடைமழை.
ஸ்கிரீனில் செப்டம்பர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பழைய லேப்டாப்பில் கிடந்த பதினேழு வரியை எடுத்து,
நான்கு சொல்லை அவர்கள் பாஷைக்கு மாற்றி,
அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.
ஒரு கேள்வி வந்து நின்றது.
'நீங்கள் இங்கே பங்களிப்பது இதுதான் முதல் முறையா?'

பழைய எண் கேட்கும் பெட்டி இருக்கிறதா என்று
மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தேன்.
இல்லை.
ஆமாம் என்று கொடுத்தேன்.